சீனிக்காரன் கசப்பு பழகிய கதை

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மேல்லயத்து வரிசை வீடுகளில் போய்ச் சின்னராசா வீடு எது என்று கேட்டால், எந்தச் சின்னராசா என்று திருப்பிக் கேட்பார்கள். சீனிக்காரன் வீடு என்று கேட்டால், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து அழைத்துப் போய் விட்டுவிடும்.

அந்தப் பெயர் அவனுக்குச் சும்மா வரவில்லை. மற்றவர்கள் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே வெறும் தேத்தண்ணி குடிப்பார்கள். சின்னராசாவுக்குக் கோப்பையிலும் சீனி வேண்டும், கையிலும் சீனி வேண்டும். கள் குடித்தாலும் கித்துள் மரத்துக் கள்தான், அதுவும் புளிப்பதற்கு முன்னால், தேன் மாதிரி இருக்கையில். பதுளை டவுனுக்குப் போனால் முஸ்லிம் கடைக்காரர் இத்ரூஸ் நானாவிடம் மஸ்கட் அல்வா வாங்காமல் திரும்ப மாட்டான். வேலை தேயிலை ஸ்டோர் என்கிற ஆலையில், கொழுந்து வாட்டும் மாடியில். பச்சைக் கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி, காற்று விட்டு, பதமாக வாடிய பிறகு கீழே அரைக்க அனுப்புவது. நாளெல்லாம் பச்சிலை வாசத்தில் நிற்கிறவனுக்கு வாயாவது இனிக்கட்டுமே என்பான்.

அவனுடைய பெண்சாதி தனலெட்சுமி தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அவளுடைய அண்ணன் வீரய்யா இந்தத் தோட்டத்துப் பெரிய பங்களாவில் அப்புவாக, அதாவது துரைக்குச் சமைத்துப் போடுகிறவராக இருந்தார். அவர் பார்த்து முடித்த கல்யாணம்தான்.

அறுபத்தாறாம் வருஷம் தனலெட்சுமிக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. தாய்தான் வெளுத்துப் போய்க் கிடந்தாள். நிறைய இரத்தம் போய்விட்டது. எழுந்து உட்கார்ந்தால் கண் இருட்டியது. தோட்டத்து டிஸ்பென்சர் வந்து கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ஈரல் கொடு, கீரை கொடு என்றெல்லாம் சொல்லி, கடைசியாக, "ஸ்டவுட், அதான் கறுப்பு பியர், வாங்கிக் குடு. தினம் ஒரு கிளாஸ்" என்றார்.

சின்னராசா தலையைச் சொறிந்தான். "ஐயா, அது குடிக்கிற சாமானுங்களே."

"மருந்தும் குடிக்கிற சாமான்தான். போய் வாங்கிட்டு வா."

பதுளையில் சாராயக்கடைக்குள் போவது அவனுக்குப் புதிதல்ல. ஆனால் பெண்சாதிக்கு என்று போத்தல்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பையையே பார்ப்பதுபோல இருந்தது. பழைய பத்திரிகையில் நன்றாகச் சுற்றிப் பைக்குள் வைத்து, அதன்மேல் கீரைக்கட்டைப் போட்டு மறைத்தான். வழக்கம்போல இத்ரூஸ் நானாவின் கடைக்குள் ஏறினபோது போத்தல்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

இத்ரூஸ் நானா மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "அத வெளிய படியில வெச்சிட்டு வாங்க தம்பி. கடைக்குள்ள வாணாம்."

சின்னராசாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. பையை வெளியே வைத்துவிட்டு வந்து, பெண்சாதிக்கு இரத்தம் போனதையும் டிஸ்பென்சர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். நானா மஸ்கட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தகரத்தைத் திறந்து ஒரு கை பேரீத்தம்பழத்தை அள்ளித் தனியாகச் சுற்றினார். "இது இரத்தத்துக்கு நல்லம். புள்ள பெத்த தங்கச்சிக்கு நான் தந்ததுன்னு சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து முதல் கிளாஸை ஊற்றிக் கொடுத்தான். தனலெட்சுமி ஒரு வாய் குடித்தாள். அப்படியே பக்கத்திலிருந்த சாம்பல் சட்டியில் துப்பினாள்.

"என்னங்க இது. பாவக்காய வேகவச்சி, அடிப்பிடிக்க விட்டு, அந்தத் தண்ணிய வடிச்சிக் குடுத்த மாதிரி இருக்கு."

சின்னராசா தானும் ஒரு வாய் பார்த்தான். அவனுக்கும் அது உள்ளே இறங்கவில்லை. கசப்பு என்றால் அவனைப் பொறுத்தவரை கெட்டுப்போனது, அல்லது மருந்து. ஆனால் அதற்கு மாற்று அவனிடம் இருக்கவே இருந்தது. சீனிப் போத்தலை எடுத்து வந்து, இரண்டு பெரிய கரண்டி சீனியை அப்படியே கிளாஸுக்குள் கொட்டினான்.

கறுப்புத் தண்ணீர் சீறிக்கொண்டு எழும்பியது. நுரை கிளாஸின் விளிம்பைத் தாண்டி, அவனுடைய கையில் வழிந்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை நனைத்து, பாயில் இறங்கி ஓடியது. அவன் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் குதித்தான். படுத்திருந்த தனலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சின்னராசா நனைந்த சாரத்தோடு நின்று அவள் சிரித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு அவள் சீனி இல்லாமல்தான் குடித்தாள். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு. கொஞ்ச நாளில் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, முகத்தைச் சுளிக்காமல். ஒருநாள் ஸ்டோரிலிருந்து திரும்பி வந்த சின்னராசா, இஸ்தோப்பில், அதுதான் லயத்துக் காம்பராவின் முன்தாழ்வாரத்தில், அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டான். பக்கத்தில் கிளாஸ். நமுனுகுலை மலையைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் குடிப்பாள். வைப்பாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய். மருந்து குடிக்கிறவள் யாரும் அப்படிக் குடிக்க மாட்டாள்.

அவள் முகத்தில் இரத்தம் ஏறியது. டிஸ்பென்சர் பார்த்துவிட்டு, போதும், இனித் தேவையில்லை என்றார். தனலெட்சுமி பெரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற இடத்துக்கு, போகத் தொடங்கினாள். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னராசா டவுனுக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க. வரும்போது அதுல ஒரு போத்தல் கொண்டாங்க."

"எதுல?"

"அதுதான்."

"டிஸ்பென்சர் ஐயா நிப்பாட்டச் சொல்லிட்டாருல்ல?"

"அவரு மருந்தத்தானே நிப்பாட்டச் சொன்னாரு."

சின்னராசாவுக்கு அது சரியாகப் படவில்லை. ஆம்பிளை குடிப்பான், பொம்பிளை மருந்து குடிப்பாள், அதுதான் அவனுக்குத் தெரிந்த உலகம். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு மஸ்கட்டோடு வந்து சேர்ந்தான். அவள் சண்டை பிடிக்கவில்லை. "நீங்க கள்ளுக் குடிக்கப் போறப்ப நான் ஏன்னு கேட்டிருக்கேனா?" என்று மட்டும் கேட்டாள். அவன் யோசித்துப் பார்த்தான். கேட்டதில்லை. அடுத்த மாதம் போத்தல் வந்தது.

லயத்தில் இது தெரியாமல் இருக்குமா. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் கங்காணியின் பெண்சாதி பெரியாயி, நாலு பேர் கேட்கும்படியாகவே சொன்னாள்: "புருசனும் குடிக்கிறான், பொண்டாட்டியும் குடிக்கிறா. இனி புள்ளைகளுக்கும் ஊத்திக் குடுப்பாங்க."

தனலெட்சுமி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "முட்டி வலிக்குதுன்னு சொன்னீங்களே அக்கா. சாயந்திரம் வாங்க. அரைக் கிளாஸ் தாறேன், ராவைக்கு நல்லாத் தூங்கலாம்" என்றாள்.

பெரியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஆனால் அந்த மழைக்காலம் முடிவதற்குள், முட்டிவலிக்காக மட்டும் என்று சொல்லிக்கொண்டு, பின்பக்கத்து வாசலால் வந்தாள். அதற்குப் பிறகு பீலியடியில் அந்தப் பேச்சு இல்லை.

இப்படியே வருஷங்கள் போயின. மாதத்துக்கு ஒரு போத்தல், தீபாவளிக்கு இரண்டு. அவள் கசப்பைக் குடித்தாள், அவன் கள்ளைக் குடித்தான். ஒருவர் கிளாஸை மற்றவர் தொடவில்லை.

எழுபதுகளில் சீனி இல்லாத காலம் வந்தது. ரேஷன் கூப்பனுக்குக் கிடைக்கிற சீனி ஒரு கிழமைக்கே பத்தாது. பிறகு மாவும் இல்லை, பாண் ரொட்டியும் இல்லை. மரவள்ளிக் கிழங்குக்கும் அலைய வேண்டியிருந்தது. பக்கத்து லயங்களில் வயதானவர்களும் பச்சைப் பிள்ளைகளும் பசியில் ஒவ்வொருவராகப் போனார்கள். தனலெட்சுமி தன் பங்கைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு வெறும் சாயத் தண்ணீரைக் குடித்தாள். அந்த நாட்களைப் பற்றி அவள் பிறகு ஒருநாளும் வாய்திறந்து பேசியதில்லை. போத்தல் பேச்சும் அப்போது அந்த வீட்டில் எழவில்லை.

சின்னராசாவுக்குக் கள்ளும் போயிற்று. சீனி இல்லாததால் கீழ்க் கிராமத்துக்காரர்கள் கித்துள் பதனீரை ஒரு சொட்டு விடாமல் கருப்பட்டிக்குக் காய்ச்சிவிட்டார்கள். நாக்குக்கு இனிப்பும் இல்லை, வயிற்றுக்குச் சோறும் இல்லை என்ற நிலையில் அவன் கசிப்புப் பக்கம் போனான். ஓடைக்கரையில் யாரோ களவாகக் காய்ச்சி விற்றார்கள். அதை ருசிக்காக யாரும் குடிப்பதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக்கென்று விழுங்கினால் பசி மறக்கும், அவ்வளவுதான்.

பஞ்சம் தணிந்த பிறகும் கசிப்பு போகவில்லை. ஒரு சனிக்கிழமை குடித்த கசிப்பில் என்ன கலந்திருந்ததோ, சின்னராசா வாந்தியெடுத்து விழுந்தான். கண் திறந்தால் எல்லாம் பால் போட்டதுபோல வெள்ளையாகத் தெரிந்தது. கூட இருந்து குடித்த ஸ்டோர்க்காரன் ஒருவனுக்குப் பார்வை போனது போனதுதான். சின்னராசாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு மூன்று நாளில் வெள்ளை கலைந்து, கட்டில் தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, பக்கத்தில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த தனலெட்சுமி தெரிந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் பேசினாள்.

"குடிக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா ஒளிச்சிக் குடிப்பீங்க. குடிக்கிறதுன்னா இங்க ஒக்காந்து, எங்கூட, நான் குடிக்கிறதக் குடிங்க."

"அந்தக் கசப்பையா?"

"ஆமா."

"அதுக்குக் கசிப்பே தேவல போலருக்கே" என்றான், சிரிக்க வைப்பதற்காக. அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்தச் சொல்லை ஏன் சொன்னோம் என்று அவனுக்கு ஆகிவிட்டது. "சரி, தனம். நீ குடிக்கிறதையே குடிக்கிறேன்" என்றான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஆனால் அவன் குடித்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்காக விழுங்கிவிட்டு, ஓடிப்போய்க் கருப்பட்டித் துண்டொன்றை வாயில் போட்டுக்கொள்வான். கசிப்புக் குடித்த பழக்கம்.

"விழுங்காதீங்க" என்பாள் அவள். "மொதல்ல இந்தக் கருவாட்டக் கடிங்க. உப்பும் உறைப்பும் நாக்குல நிக்கிறப்ப ஒரு வாய் குடிங்க. வாய்க்குள்ள கொஞ்சம் வச்சிருங்க."

"வச்சா கசக்குது."

"கசக்கட்டும். கசந்து முடிஞ்ச பொறவு என்ன வருதுன்னு பாருங்க."

அவன் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. ஸ்டவுட்டை விட்டு மஞ்சள் பியர் வாங்கிப் பார்த்தார்கள். அது லேசாக இருந்தது, ஆனால் கசப்பு கசப்புதான். அவளுக்காகக் குடித்தான். கசிப்பு விற்கிற ஓடைப் பக்கம் மட்டும் போகவில்லை. தனலெட்சுமிக்கு அது போதுமாக இருந்தது. இருந்தாலும் கூட உட்கார்ந்திருக்கிறவன் ருசியில்லாமல் குடிப்பதைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனார். புதிதாக வந்த துரை தன்னுடைய சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீரய்யாவுக்கு அதே நேரத்தில், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தப்படி, இந்தியா போவதற்கான பாஸ்போர்ட்டும் வந்து சேர்ந்தது. போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு வந்தார்.

பைக்குள்ளிருந்து இரண்டு போத்தலும் ஒரு சின்னத் தலையணையும் வெளியே வந்தன.

"வெள்ளக்காரத் துரை யார்கிட்டயோ சொல்லி வரவழைச்ச பியர்" என்றார் வீரய்யா. "பார்ட்டிக்கு வர்றவங்க யாரும் தொட மாட்டாங்க. அவரு மட்டும் தனியா ஒக்காந்து குடிப்பாரு. இத 'பிட்டர்'னு சொல்லுவாரு. இங்கிலீஸ்ல கசப்புன்னு அர்த்தம். யாரும் ஏமாந்துறக் கூடாதுன்னு பேரையே அப்படி வச்சிருக்காங்க போல."

சின்னராசா மனதுக்குள், கசப்பில் இன்னொரு கசப்பா என்று பெருமூச்சு விட்டான். ஊருக்குப் போகிற மச்சானிடம் வேண்டாமென்று சொல்ல முடியுமா. மூன்று கிளாஸ் வைத்தார்கள். ஊற்றினால், நல்ல ஊவாத் தேயிலையின் சாயம் மாதிரிச் செம்பொன் நிறம். தனலெட்சுமி குடிக்காமல் கிளாஸை மூக்கருகே வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, இதுல ஏதோ பூ இருக்கு."

வீரய்யா சிரித்தார். தலையணையை எடுத்து அவளுடைய மடியில் வைத்தார். "துரையம்மாவுக்குத் தூக்கம் வராது. அதுக்காக அவங்க ஊர்லருந்து அனுப்புனது. உள்ள பஞ்சு இல்ல, காஞ்ச பூ. ஹொப்னு ஒரு கொடி இருக்காம். இந்தப் பூவத்தான் பியருக்கும் போடுறாங்க. கசப்பும் இதுதான், வாசமும் இதுதான்னு துரையம்மா சொன்னாங்க. போறப்ப எனக்குக் குடுத்துட்டாங்க."

அவள் முகர்ந்து பார்த்துவிட்டுச் சின்னராசாவிடம் நீட்டினாள். அவன் மரியாதைக்காக வாங்கி மூக்கில் வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை.

அது அவனுக்குத் தெரிந்த வாசம். வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், கொழுந்து பரப்பி வைத்துவிட்டு விடியற்காலையில் மாடிக்கு ஏறினால், பச்சை நெடி போய்விட்டிருக்கும். இலை தண்ணீர் வற்றிச் சுருண்டு கிடக்கும். அதன்மேல் ஏதோ ஒன்று மிதக்கும். தோடம்பழத் தோலைக் கிள்ளியது மாதிரி, மழைக்கு முன்னால் வருகிற புல்வாசம் மாதிரி, எங்கேயோ தூரத்தில் பூத்தது மாதிரி. அந்த வாசம் வந்துவிட்டால் கொழுந்து பதமாகிவிட்டது என்று அவன் கீழே குரல் கொடுப்பான். அதற்கு ஒரு பேர் இருக்கிறதா என்று யாரையும் கேட்டதில்லை.

தலையணையைக் கீழே வைத்துவிட்டுக் கிளாஸை எடுத்தான். முகர்ந்தான். அங்கேயும் அது இருந்தது. ஒரு வாய் குடித்து, அவள் சொன்னபடி வாய்க்குள்ளேயே வைத்திருந்தான். கசப்பு வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் இந்தத் தடவை தெரிந்த ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தது. விழுங்கின பிறகு நாக்கின் அடியில் கொஞ்ச நேரம் நின்று, காய்ந்து, இன்னொரு வாய் கேட்டது.

"மச்சான், இது எங்க மாடி வாசம்" என்றான்.

வீரய்யாவுக்கு விளங்கவில்லை. தனலெட்சுமிக்கு விளங்கியது. அவன் கண்ணை மூடாமல் குடிக்கிறதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

இரண்டாவது போத்தலையும் திறந்தார்கள். பொழுது சாயும்வரை இஸ்தோப்பில் இருந்து பேசினார்கள். அடுத்த கிழமை பதுளை ஸ்டேஷனில் வீரய்யா ரயில் ஏறினார். அண்ணனுடைய கையை ஜன்னல் வழியாகப் பிடித்துக்கொண்டு தனலெட்சுமி மேடை முடியும்வரை நடந்தாள். தலையணையை அவர் அவளிடமே விட்டுப் போயிருந்தார். பல மாதங்கள் கழித்து, அந்தப் பக்கம் போய்வந்த ஒருவரிடம் வீரய்யா சொல்லி அனுப்பியிருந்தார்: புதுக்கோட்டைப் பக்கம் காணி கொஞ்சம் கிடைத்திருக்கிறது, இங்கே மதுவிலக்கு, என் பங்கையும் தங்கச்சி குடிக்கட்டும்.

துரை குடித்த அந்த பியர் எந்தக் கடையிலும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு சின்னராசா வேறு ஆளாகிவிட்டான். ஸ்டவுட்டில் இருப்பது வறுத்த கசப்பு, அடுப்பங்கரைக் கசப்பு என்றான். மஞ்சள் பியரின் கசப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறது என்றான். குடிப்பதற்கு முன்னால் முகர்ந்து பார்க்கிற வழக்கம் வந்தது. எழுபத்தேழுக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளுக்கு வரத் தொடங்கியதும், விடுமுறை நாளில் பஸ் ஏறி பண்டாரவளை வரைக்கும் போனான். கடையிலிருந்த சிங்கள முதலாளியிடம், இருக்கிறதிலேயே ரொம்பக் கசப்பானது எது என்று கேட்டான். கடையில் வாங்கிய போத்தல் கசக்கிறதென்று குறை சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து, அவர் நல்லதாக வேறொன்று தருகிறேன் என்று சமாதானம் சொன்னார். அவன் திரும்பத் திரும்பக் கசப்பு, கசப்பு என்று சிங்களத்தில் சொல்லி விளங்க வைப்பதற்குள் பஸ் போய்விட்டது.

இத்ரூஸ் நானாவின் கடையில் மஸ்கட்டில் ஒரு துண்டு தின்றுவிட்டு, போதும் நானா என்று கையைத் துடைத்துக்கொண்டான். நானா பயந்துபோய், "என்ன தம்பி, சீனி வருத்தம் ஏதும் வந்திரிக்கா?" என்று கேட்டார்.

எண்பதாம் வருஷம் மூத்த மகளைப் பெண் கேட்டுத் தெமோதரையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் மீசை வைத்த பெரிய மனிதர், எல்லாவற்றையும் கண்ணாலேயே அளக்கிறவர். வெற்றிலை மாற்றி, நாள் குறித்து, கோழிக்கறியும் சோறும் ஆன பிறகு, சின்னராசா உள்ளே போய் பண்டாரவளையிலிருந்து வாங்கி வைத்திருந்த போத்தலைக் கொண்டு வந்தான். கிளாஸ்களை வரிசையாக வைத்தான். முதல் கிளாஸை ஊற்றி, நுரை அடங்கும்வரை பொறுத்து, வாசல் நிலையில் சாய்ந்து நின்ற தனலெட்சுமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் சம்பந்திக்கு ஊற்றினான்.

சம்பந்தியின் கண் கிளாஸிலிருந்து தனலெட்சுமிக்கும், தனலெட்சுமியிடமிருந்து சின்னராசாவுக்கும் போயிற்று. "சம்பந்தியம்மாவும் எடுப்பாங்களா?"

"அவதாங்க எனக்குப் பழக்குனவ" என்றான் சின்னராசா. "லேசுல பழகல. மொத வாய்லருந்து பாத்தா பத்து வருசம் பாடுபட்டா."

வாசலில் பிள்ளைகள் சிரித்தார்கள். தனலெட்சுமி முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டாள். சம்பந்தி கிளாஸைத் தூக்கிப் பெரிய மடக்காக ஒன்று குடித்தார். மீசை இரண்டு பக்கமும் கீழே இறங்கியது. கிளாஸை உற்றுப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, இப்படிக் கசக்குது?"

"ஆமாங்க. அப்படித்தான் கசக்கும்" என்று சொல்லிக்கொண்டே சின்னராசா அவர் பக்கத்தில் பாயை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "மெதுவாக் குடிங்க. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு."